மூன்று கையெழுத்தும் காய்கறி அறைச் சாவியும்

எங்கள் தொழிற்சாலையில் இப்போது பல கதவுகளுக்குச் சாவியே கிடையாதாம். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் கதவு தானாகத் திறந்துகொள்கிறதாம். போன மாதம் ஓய்வுபெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், நீங்க சர்வீஸ் முழுக்க சாவிப் பிரிவிலேயே இருந்தீங்களாமே? அப்படி என்ன வேலை இருக்கும் அதுல?" என்று கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். அல்சூரில் வீடு. அப்பா மைசூர் சமஸ்தானத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு டைப்பிங் தெரியும், கன்னடம் தெரியும், வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரியும். பயிற்சி மூன்று நாள். முதல் நாள் சாவி மாட்டும் பலகையில் இருந்த கொக்கிகளை எண்ணினேன். இரண்டாம் நாள் சாவிகளை எண்ணினேன். மூன்றாம் நாள், இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு மேஜர் என்னை நிரந்தரமாக்கச் சொன்னார்.

மேஜர் என்பவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த குடகுக்காரர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. சாவிப் பிரிவுக்கு ஒரு பெண்ணைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். காரணம் கேட்டதற்கு, ஆண்பிள்ளைகளின் சட்டையில் பாக்கெட் இருக்கிறது, புடவையில் இல்லை என்றாராம். புடவைத் தலைப்பில் முடிந்துகொள்ளலாம், இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்பதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை போய்விடுமே.

தமிழ்ச் சிப்பாய்களோடு இருபது வருஷம் இருந்தவர். அதனால் தமிழ் பேசுவார். ஆனால் அவருடைய தமிழில் கட்டளை மட்டும்தான் உண்டு. வா, போ, நில், எடு, வை, வாயை மூடு. கேள்வி கேட்க வேண்டுமானால் இங்கிலீஷுக்குப் போய்விடுவார். கோபம் வந்தால் கன்னடம்.

அவர் ஏற்படுத்தி வைத்திருந்த முறையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். சாவி வேண்டுமென்றால் உங்கள் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுக்க வேண்டும். சாவி இருந்த கொக்கியில் அந்த வில்லை தொங்கும். அது சாதாரண நாள் வேலை. மாற்றுச் சாவி வெட்ட வேண்டுமென்றால்தான் திருவிழா. ஒரு படிவம், மூன்று கையெழுத்து. துறைத் தலைவர், மேஜர், தலைமை இன்ஜினியர். மூவரில் ஒருவர் லீவில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். பல் வெட்டாத மொட்டைச் சாவிகள் ஒரு இரும்புப் பெட்டியில் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒன்றை நான் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் ஃபிட்டர் ஏழுமலை அதை என் கண் முன்னால் வைஸில் பிடித்து அரத்தால் ராவுவார். ராவிய தூளைக்கூடக் காகிதத்தில் கூட்டி மடித்துக் கொடுக்க வேண்டும். வெட்டும்போது கெட்டுப்போன மொட்டையை இரண்டாக அறுத்து இரண்டு சாட்சிகள் முன்னால் ஒப்படைக்க வேண்டும். முடிந்த மாற்றுச் சாவி உறைக்குள் போய், அரக்கு முத்திரையோடு மேஜரின் இரும்பு அலமாரியில் தூங்கும்.

இது போதாதென்று இன்னொரு உத்தரவும் இருந்தது. சாவியை அமுக்கி அச்சு எடுக்கக்கூடிய எந்தப் பொருளும் சாவி அறைக்குள் வரக் கூடாது. சோப்பு, மெழுகு, களிமண், பிசைந்த மாவு. ஒருநாள் நான் மத்தியானத்துக்குச் சப்பாத்தி கொண்டுபோனேன். மேஜர் டப்பாவைத் திறக்கச் சொல்லி, ஒரு சப்பாத்தியைப் பிட்டு, விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வெந்திருக்கு. உள்ளே போ" என்றார்.

முத்திரை வைக்கும் அரக்கும் அமுங்கும் பொருள்தானே என்று நான் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மறுநாளே அரக்குக்கென்று தனிப் பதிவேடு வந்துவிட்டது. அதையும் நான்தான் எழுதினேன்.

ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீராம்புரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். ஆனால் நான் கிளார்க், அவர் ஃபிட்டர். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவர் என்னை மிஸ் என்பார். அன்று அது எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசமாகவே படவில்லை. அரம் பிடித்தால் கை அசைவதே தெரியாது. இரண்டு இழுப்பு, ஊதுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். என் பதிவேட்டில் கெட்டுப்போன மொட்டை என்ற பத்தியில் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் ஏறும்.

மொழிவாரியாக மாநிலம் பிரிந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, கருவி அறையிலிருந்து ஒரு பெட்டி மைக்ரோமீட்டர்கள் காணாமல் போயிருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த, விலை உயர்ந்த அளவுக் கருவிகள். பூட்டு உடையவில்லை. பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டே சாவி. ஒன்று சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து என் பலகையில், பலகை இருந்த அறைக்கு முத்திரை வைத்தபடி. மற்றது மேஜரின் அலமாரியில், அரக்கு பிளக்காமல்.

விசாரணைக்கு என் பதிவேட்டைக் கேட்டார்கள். நான் பெருமையோடு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு கையெழுத்து விடுபடவில்லை. நிர்வாக அதிகாரி பழைய மைசூர் சர்வீஸ்காரர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுப் பதிவேட்டையும் படித்தார்.

"பஹள சென்னாகிதே" என்றார் கன்னடத்தில். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "இவ்வளவு சுத்தமா இருக்கறப்போ வெளியாள் யாரும் செய்திருக்க முடியாதும்மா. மூணாவது சாவி ஒண்ணு இருக்கணும். சாவி வெட்டறவர் இங்க ஒருத்தர்தானே?"

என் பதிவேடு குளறுபடியாக இருந்திருந்தால் பத்துப் பேர்மேல் சந்தேகம் விழுந்திருக்கும். சரியாக இருந்ததால் ஒருவர்மேல் மட்டும் விழுந்தது. அந்த அறைக்கு மூன்று வாரம் முன்னால் மாற்றுச் சாவி வெட்டியவரும் அவரே. சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஏழுமலையைச் சஸ்பெண்ட் செய்தார்கள். எங்கள் வாச்மேன்கள் ஐந்து பேரும் ஒரு போலீஸ்காரரும் ஸ்ரீராம்புரம் போய் அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். இரண்டு அரம், ஒரு சின்ன வைஸ், ஒரு வளையம் நிறையப் பழைய சாவிகள் கிடைத்தன. அக்கம்பக்கத்தில் பூட்டு மாட்டிக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சரிசெய்து கொடுப்பார். அந்த உபகாரம் எல்லாம் சாட்சியமாக அறிக்கையில் ஏறியது. மைக்ரோமீட்டர் கிடைக்கவில்லை. கிடைக்காததும் அவர் கெட்டிக்காரர் என்பதற்கு அத்தாட்சியாக எழுதப்பட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் மழை. ஈரக் கையோடு நான் பலகையைத் துடைத்துச் சாவிகளைத் திரும்ப மாட்டியபோது இரண்டு கொக்கி மாறிவிட்டது. தெரியவில்லை. அசெம்பிளிப் பிரிவில் வேலை செய்த பிலோமினா பெண்கள் ஓய்வறைச் சாவி வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். நான் கொடுத்தது பெயின்ட் ஸ்டோர் சாவி! ஓடினேன். ஓய்வறைக் கதவு விரியத் திறந்திருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படித் திறந்தே?" என்றேன்.

"சாவி போட்டுத்தான்" என்றாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த பத்து நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு சாவியாக எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்தேன். படிவம் இல்லை, வில்லை இல்லை, ஒரு கையெழுத்தும் இல்லை. பிடிபட்டிருந்தால் என்னைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டு வருஷம் முன்னால் டெண்டரில் மலிவாகக் கேட்டவரிடம் பெட்டி பெட்டியாக வாங்கிய பூட்டுகள் அவை. வெளியே ஒவ்வொன்றிலும் ஒரு எண் குத்தியிருந்தது. உள்ளே மொத்தமே ஐந்தாறு வகைப் பல்தான்.

பதினோராவது நாள் கான்டீனில் நின்றபோது கதவுக்குப் பின்னால் ஆணியில் காய்கறி அறைச் சாவி தொங்குவதைப் பார்த்தேன். அதே கம்பெனிப் பூட்டு. கான்டீன் விடிகாலையில் திறக்க வேண்டும் என்பதாலும், உருளைக்கிழங்கை யார் திருடப்போகிறார்கள் என்பதாலும் அந்தச் சாவிக்கு மட்டும் மேஜரே விலக்கு கொடுத்திருந்தார். எடுத்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. கருவி அறைக்குப் போய்ப் போட்டேன். வெண்ணெயில் கத்தி போவதுபோல் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு ஸ்ரீராம்புரம் பஸ் ஏறினேன். ஏழுமலை வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. ஒற்றை அறை, சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே அவர் உட்கார்ந்து பழைய ஸ்டவ் ஒன்றின் அடைப்பைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கன்னியம்மா எனக்கு முக்காலி எடுத்துப் போட்டாள்.

"ஏழுமலை, பூட்டெல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு" என்றேன்.

"தெரியும் மிஸ்."

"தெரியுமா! எப்பலேர்ந்து?"

"பெட்டி பிரிச்ச அன்னிலேர்ந்து. பல்லு வெட்டுற கைக்குத் தெரியாம போவுமா? மேஜர் சார்கிட்ட சொன்னேன். வாயை மூடு, வேலை பாருன்னாரு. மூடிக்கினேன்."

"விசாரணையில சொல்லியிருக்கலாமே?"

அவர் சிரித்தார். "இன்னான்னு சொல்றது மிஸ்? எந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்கும்னு எனக்குத் தெரியும்னா? அதை அப்படியே எழுதி, கீழே என் கையெழுத்தையும் வாங்கியிருப்பாங்க."

அப்போதுதான் கன்னியம்மா வாயைத் திறந்தாள்.

"வாங்கினவரு ஆபீசுல உக்காந்துனு இருக்காரு. வெட்டினவரு வூட்ல உக்காந்துனு இருக்காரு. வெளிய போயிப் பாருங்க மிஸ், சந்துல ஒவ்வொரு வூட்லயும் இப்ப ரெண்டு பூட்டு தொங்குது. எல்லாம் இவருக்குப் பயந்துதான்."

திரும்பும்போது பார்த்தேன். பூட்டியிருந்த வீடுகளில் இரண்டு பூட்டு தொங்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை மேஜர் முன்னால் போய் நின்றேன். கருவி அறையைத் திறக்க வேண்டும் என்றேன். "ஃபார்ம்" என்று கையை நீட்டினார். நான் படிவத்துக்குப் பதிலாகக் காய்கறி அறைச் சாவியை அவர் கையில் வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக அதற்கு முன்னும் பின்னும் நான் எதுவும் செய்ததில்லை.

அவர் என்னோடு நடந்தார். பூட்டைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். மூன்று முறை. பிறகு தன் அலமாரியிலிருந்து கருவி அறை மாற்றுச் சாவியின் உறையை எடுத்து, என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அரக்கை உடைத்தார். அந்த நேரத்திலும் கையெழுத்தை விடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கான்டீனுக்குப் போனார். மூன்று கையெழுத்தில் பிறந்து அரக்கு முத்திரையில் வளர்ந்த அந்தச் சாவி, காய்கறி அறையை முதல் திருப்பிலேயே திறந்தது. மேஜர் உள்ளே போய் ஒரு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்.

"யாருக்குத் தெரியும்?" என்றார் கடைசியில். தமிழில் அவர் கேட்டு நான் கேட்ட முதல் கேள்வி.

"எனக்கு. ஏழுமலைக்கு. இப்ப உங்களுக்கு சார்."

"யார்கிட்டேயும் சொல்லாதே. இந்த ரகசியத்துக்கு டூப்ளிகேட் கிடையாது."

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கே ரகசியக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினார், பூட்டு வாங்கச் சிபாரிசு செய்தது தான்தான் என்றும் எழுதினார். ஆனால் புதுப் பூட்டு வாங்க டெண்டர் விட வேண்டும், அதற்குப் பத்து மாதம். அதுவரை ஒரு சாவி பல பூட்டைத் திறக்கும் என்று வெளியே தெரிந்தால் தொழிற்சாலையே திறந்த வீடு. அதனால் ஏழுமலை குற்றமற்றவர் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்பது ரகசியம். ஆகவே, "சந்தேகம் நிரூபிக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முன்னெச்சரிக்கையாகச் சாவிகள் இல்லாத இடத்துக்கு மாற்றினார்கள். கான்டீனுக்கு.

காய்கறி அறைச் சாவி தொங்கும் ஆணிக்கு நேர் கீழே அவருக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள். நான் மேஜரிடம் ஓடினேன். "ஆர்டர் போயாச்சு. நீ போ" என்றார்.

பத்து மாதம் ஏழுமலை பாய்லருக்கு வாஷர் போட்டார், கிரைண்டருக்கு எண்ணெய் விட்டார். கான்டீன் பக்கம் போகும்போதெல்லாம் "நல்லாக்கீறீங்களா மிஸ்" என்பார். அவர் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்துப் பெஞ்ச் காலியாகவே இருக்கும்.

புதுப் பூட்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் பல்லையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும் என்று மேஜர் பிடிவாதம் பிடித்தார். அந்த வேலை தெரிந்தவர் தொழிற்சாலையில் ஒருவர்தான். கூப்பிட்டு அனுப்பினார். ஏழுமலை வந்து என் ஜன்னலருகே நின்றுகொண்டு மேஜரிடம் சொன்னார்:

"செய்யறேன் சார். அந்த சந்தேகம்கிற வார்த்தையை மொதல்ல எடுத்துடுங்க. எடுத்ததை எங்க சந்துல வந்து படிங்க. அங்கதான சோதனை போட்டீங்க."

மேஜர் கன்னடத்தில் என்னவோ கத்தினார். ஏழுமலை கை கட்டி நின்றார். கத்தி முடித்ததும், "சரி" என்றார் மேஜர்.

சரி என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. முடிந்த ஃபைலைத் திறக்கப் புதுச் சாட்சியம் வேண்டும் என்றார் நிர்வாக அதிகாரி. ரகசியக் குறிப்பை மேற்கோள் காட்டக் கூடாது, ரகசியமாயிற்றே. பூட்டுகள் ஒன்றுபோல் இருப்பதைச் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். நான் எழுதுகிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நோடம்மா, பாரும்மா, எழுதினா உன்மேல நான் மெமோ போட வேண்டியிருக்கும். அனுமதி இல்லாம சாவி எடுத்திருக்கே. சர்வீஸ் புக்ல ஏறிடும்."

"போடுங்க சார்" என்றேன். வீட்டில் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அப்போது என் கவலை.

எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது. அதனால் எனக்குப் பிறகு சேர்ந்த இரண்டு பேர் எனக்கு முன்னால் மேலே போனார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார். ஏழுமலை புதுப் பூட்டுகளில் ஏழு ஒன்றுபோல் இருப்பதைப் பிடித்தார். இந்த முறை வாயால் சொல்லாமல் தாளில் எழுதி, மேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மைக்ரோமீட்டர்களை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சாவியைப் பற்றிய கவலை வந்த பிறகு அதைத் தேட யாருக்கும் நேரமும் இருக்கவில்லை.

ஆனால் புதுப் பூட்டுகளில் ஏழுமலை கை வைப்பதற்கு முன்னால், அந்த வார்த்தையை எடுத்த உத்தரவு கையில் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மேஜர் ஜீப்பில் ஸ்ரீராம்புரம் போனார். என்னையும் அழைத்துப் போனார். சந்துக்குள் ஜீப் நுழையவில்லை. இறங்கி நடந்தார். சூட், டை. குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். ஏழுமலை வீட்டு வாசலில் நின்று உத்தரவை இங்கிலீஷில் கடைசி வரி வரைக்கும் படித்தார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மேஜருக்கே அது தெரிந்துவிட்டது. தாளை மடித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளு. ஏழுமலை திருடலே. பூட்டு மோசம். வாங்கினது நான்."

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னியம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. மேஜரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னிக்குத் தேடறதுக்கு ஆறு பேரு வந்தாங்க. இன்னிக்குச் சொல்றதுக்கு ஒருத்தருதானா?" என்றாள்.

மேஜர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மடித்த தாளைத் திரும்பவும் விரித்தார். விறைப்பாக நின்றுகொண்டார். பிறகு, முன்னைவிட ஆறு மடங்கு சத்தமாக, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.